பத்தாயிரம் ஆண்டு மழை வெந்நீராக வருகிறது!

இங்கிலாந்துக்குப் போனால் குடையை மறக்காதே என்பார்கள். நான் ஒரு குடை கொண்டு போனேன். என் அக்காள் இரண்டு குடை கொண்டு வந்தாள். அன்றைக்கு மூன்றும் போதவில்லை.

அக்காளின் மகன் ரெடிங் என்ற ஊரில் இருக்கிறான். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை. அவன் ஊருக்கு வந்து நாலு வருஷம் ஆகிவிட்டது. ஒவ்வொரு பொங்கலுக்கும் "அடுத்த வருஷம் வருகிறேன்" என்பான். "நீ வராவிட்டால் என்ன, நான் வருகிறேன்" என்று அக்காள் கிளம்பிவிட்டாள். துணைக்கு நான்.

அக்காளுக்கு வயது 68. பத்து வருஷமாக முழங்கால் வலி. எண்ணெய் தடவிப் பார்த்தாயிற்று. ஒத்தடம் கொடுத்துப் பார்த்தாயிற்று. ஊசியும் போட்டாயிற்று. வலி போகவில்லை.

மருமகன் ஒரு நாள் சொன்னான்: "அம்மா, இங்கே பாத் என்று ஒரு ஊர் இருக்கிறது. அங்கே பூமிக்குள்ளிருந்து வெந்நீர் வருகிறது. இரண்டாயிரம் வருஷமாக மூட்டு வலிக்காரர்கள் தேடி வந்து குளித்த ஊர். ஞாயிற்றுக்கிழமை போகலாம்."

பாத் என்ற ஆங்கிலச் சொல்லுக்குக் குளியல் என்று அர்த்தம். ஊரின் பெயரே குளியல்!

அக்காள் அன்றிலிருந்து நாளை எண்ணத் தொடங்கினாள். சனிக்கிழமை இரவு ஒரு பையில் மாற்றுச் சேலையும் துண்டும் எடுத்து வைத்தாள். அதை மருமகனும் கவனிக்கவில்லை. நானும் கவனிக்கவில்லை.

மழையோடு மழையாக

காலை 8 மணிக்குக் காரில் புறப்பட்டோம். வானம் சாம்பல் பூசியது போல இருந்தது. ரெடிங்கைத் தாண்டுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது.

இங்கிலாந்து மழை நம் ஊர் மழை போல அல்ல. இடி இல்லை. மின்னல் இல்லை. கொட்டித் தீர்த்துவிட்டுப் போவதும் இல்லை. நசநசவென்று தூறிக்கொண்டே இருக்கும். நின்றுவிட்டது என்று குடையை மடக்கினால், மறுபடியும் தூறும்.

ஆனால் ஒரு விஷயம் தெரியுமா? லண்டனில் ஒரு வருஷத்தில் பெய்யும் மழை சுமார் 60 சென்டிமீட்டர்தான். சென்னையில் சுமார் 140 சென்டிமீட்டர் பெய்கிறது! நமக்குச் சில வாரங்களில் கொட்டிவிடுகிறது. அவர்களுக்கு வருஷம் முழுவதும் சிறிது சிறிதாக வருகிறது. அதனால்தான் அங்கே எப்போதும் மழை என்ற பெயர்.

பெரிய நெடுஞ்சாலை வழியாகப் போனால் சீக்கிரம் போகலாம். மருமகன் பழைய சாலையைப் பிடித்தான். லண்டனிலிருந்து மேற்கே போகும் இந்தச் சாலைக்குப் பல இடங்களில் இன்றும் 'பாத் ரோடு' என்றே பெயர். ஒரு காலத்தில் குதிரை வண்டிகள் ஓடிய வழி இது. 1784ம் ஆண்டு பாத் நகரத்துக்காரர் ஜான் பால்மர், தபால் கொண்டு போக வேகமான குதிரை வண்டி விட்டார். பிரிஸ்டல் நகரில் மாலை 4 மணிக்குக் கிளம்பிய வண்டி, பாத் வழியாக மறுநாள் காலை 8 மணிக்கு லண்டன் போய்ச் சேர்ந்தது. 16 மணி நேரம்! அந்தக் காலத்தில் அது மின்னல் வேகம்.

சாலையின் இரு பக்கமும் பச்சை. அப்படி ஒரு பச்சை! வயலுக்கு வயல் கம்பி வேலி இல்லை. அடர்ந்த செடிகளே வேலி. உள்ளே ஆடுகள். மழைக்கு ஒதுங்க வேண்டும் என்ற எண்ணமே அவற்றுக்கு இல்லை. நனைந்தபடி மேய்ந்து கொண்டிருந்தன.

ஒரு கிராமத்தில் வைக்கோல் வேய்ந்த கூரை வீடுகள் சில இருந்தன. அக்காள் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தாள்.

"வெள்ளைக்காரன் கூடவா கூரை வீட்டில் இருக்கிறான்?"

"அம்மா, அந்த வீட்டின் விலை லட்சக்கணக்கான பவுன். பணக்காரர்கள்தான் வாங்க முடியும்."

"நாம் இடித்துப் போட்டதைப் பத்திரமாக வைத்திருந்தால் நாமும் பணக்காரர்தானோ!" என்றாள் அக்காள்.

காரணம் தெரியாத குன்று

மார்ல்பரோ என்ற ஊரைத் தாண்டியதும் சாலை ஓரத்தில் ஒரு பச்சைக் குன்று. வட்டமாக, உச்சி தட்டையாக, இட்லியைக் கவிழ்த்தது போல இருக்கிறது. பெயர் சில்பரி குன்று. இது இயற்கைக் குன்று அல்ல. மனிதர்கள் கூடை கூடையாக மண் சுமந்து கொட்டிக் கட்டியது! உயரம் சுமார் 130 அடி. கட்டி 4,400 ஆண்டுகள் ஆகின்றன. உள்ளே பொன் கவசத்தோடு ஒரு ராஜா புதைந்து கிடக்கிறான் என்று ஜனங்கள் சொல்லி வந்தார்கள். சுரங்கம் வெட்டிப் பார்த்தார்கள். ராஜாவும் இல்லை. பொன்னும் இல்லை. வெறும் மண்தான்.

அந்தக் குன்றைப் பார்த்தபடி காரை நிறுத்தினோம். வெளியே இறங்க முடியவில்லை. காருக்குள்ளேயே புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தோம். கண்ணாடி எல்லாம் ஆவி படிந்துவிட்டது. கார் முழுவதும் நல்லெண்ணெய் வாசம். மருமகன் இரண்டு பொட்டலம் சாப்பிட்டான். அக்காள் தன் பங்கிலும் பாதியை அவன் பக்கம் தள்ளினாள்.

இன்னும் சிறிது தூரத்தில் ஒரு மலைச் சரிவில் மிகப் பெரிய வெள்ளைக் குதிரை! மழை மூட்டத்திலும் மங்கலாகத் தெரிந்தது. அந்தப் பக்கத்து மலைகள் எல்லாம் சுண்ணாம்பு. மேலே உள்ள புல்லை வெட்டி எடுத்தால் வெள்ளை தெரியும். 1780ம் ஆண்டு அப்படி வெட்டிய குதிரை அது.

தேன் நிறத்து ஊர்

பகல் 11 மணிக்குப் பாத் வந்தது. ஏவான் ஆற்றங்கரையில், மலைகளுக்கு நடுவே, ஒரு கிண்ணத்துக்குள் வைத்தது போல இருக்கிறது ஊர். எல்லாக் கட்டடங்களும் ஒரே கல்லால் கட்டியவை. வெயிலில் தேன் நிறமாக இருக்குமாம். நாங்கள் பார்த்தபோது நனைந்த வெல்லக் கட்டியின் நிறம்.

இந்த ஊருக்கு ஒரு பழைய கதை உண்டு. பிளாடுட் என்று ஓர் இளவரசன். அவனுக்குத் தொழுநோய் வந்தது. அரண்மனையை விட்டுத் துரத்திவிட்டார்கள். பன்றி மேய்த்துப் பிழைத்தான். அவனிடமிருந்து பன்றிகளுக்கும் நோய் தொற்றியது. ஒரு நாள் பன்றிகள் சூடான சேற்றில் விழுந்து புரண்டன. எழுந்து வந்த பன்றிகளின் உடம்பில் நோய் இல்லை! இளவரசனும் சேற்றில் இறங்கினான். குணமானான். ராஜாவானதும் அந்த இடத்தில் ஊர் கட்டினான்.

இது கதை. சரித்திரம் வேறு. ரோமானியர்கள் கி.பி. 43ம் ஆண்டு பிரிட்டன் மீது படை எடுத்தார்கள். அதற்கு முன்பே உள்ளூர் ஜனங்கள் இந்த வெந்நீர் ஊற்றைத் தெய்வமாகக் கும்பிட்டு வந்தார்கள். தெய்வத்தின் பெயர் சுலிஸ். பெண் தெய்வம். வந்த ரோமானியர்கள் அந்தத் தெய்வத்தை விரட்டவில்லை. தங்கள் தெய்வமான மினர்வாவோடு சேர்த்து, 'சுலிஸ் மினர்வா' என்று பெயர் வைத்துக் கோவில் கட்டினார்கள். பக்கத்திலேயே பிரமாண்டமான குளியல் கட்டடமும் கட்டினார்கள்.

"தொடக் கூடாது!"

டிக்கெட் வாங்கி உள்ளே போனோம். முதலில் மேல் மாடம். அங்கிருந்து கீழே பார்த்தால் பெரிய குளம். பச்சை நிறத் தண்ணீர். அதிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. குளத்துக்குக் கூரை கிடையாது. மழை நேராகத் தண்ணீரில் விழுந்தது. பார்க்கப் பார்க்க அலுக்காத காட்சி!

ரோமானியர் காலத்தில் இதற்கு மேல் உயரமான கூரை இருந்தது. அது விழுந்துவிட்டது. வெளிச்சம் பட்டுப் பாசி பிடித்ததால்தான் தண்ணீர் பச்சையாகத் தெரிகிறது. சுற்றி நிற்கும் தூண்களையும் மொத்தமாக ரோமானியர் கட்டியது என்று நினைத்துவிடக் கூடாது. அடிப்பாகம்தான் அவர்களுடையது. மேலே உள்ளவை 19ம் நூற்றாண்டில் கட்டியவை.

கீழே இறங்கிக் குளத்துக் கரைக்கு வந்தோம். ஆழம் சுமார் 5 அடி. அடியில் 45 ஈயத் தகடுகள் பாவியிருக்கிறார்கள். இரண்டாயிரம் ஆண்டுகளாக அந்தத் தகடுகள் தண்ணீரைத் தாங்கி நிற்கின்றன.

அக்காள் செருப்பைக் கழற்றினாள். பையிலிருந்து துண்டை எடுத்தாள்.

அப்போதுதான் மருமகனுக்குப் புரிந்தது. அவன் முகம் மாறிவிட்டது.

"அம்மா, இங்கே குளிக்க முடியாது. காலை நனைக்கவும் விட மாட்டார்கள். தண்ணீரைத் தொடக் கூடாது என்று எழுதிப் போட்டிருக்கிறார்கள்."

அக்காள் அவனைப் பார்த்தாள். தண்ணீரைப் பார்த்தாள். ஒன்றும் பேசாமல் துண்டை மடித்துப் பையில் வைத்தாள்.

"நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்" என்றான் அவன்.

தடைக்குக் காரணம் உண்டு. 1978ம் ஆண்டு வரை இந்த ஊரில் ஊற்று நீரில் ஜனங்கள் குளித்து வந்தார்கள். அந்த ஆண்டு ஒரு சிறுமி இறந்து போனாள். மூக்கு வழியாகப் புகுந்து மூளையைத் தாக்கும் அமீபா கிருமி அந்தத் தண்ணீரில் இருந்தது. உடனே குளிப்பதை நிறுத்திவிட்டார்கள். பழைய குளத்துக்கு வரும் தண்ணீர் சுத்திகரிக்கப்படாத தண்ணீர். அதனால்தான் இன்றும் அதைத் தொட விடுவதில்லை.

வெந்நீர் எங்கிருந்து வருகிறது?

அடுத்த இடத்தில் ஊற்றையே பார்க்கலாம். தண்ணீர் குமிழ் விட்டுக்கொண்டிருக்கிறது. கொதிப்பதால் வரும் குமிழ் அல்ல. உள்ளிருந்து வாயு வருகிறது. தண்ணீரின் சூடு 46 டிகிரி. கை வைத்தால் பொறுக்காது. ஒரு நாளைக்கு 11 லட்சத்து 70 ஆயிரம் லிட்டர் வருகிறது. கோடையிலும் வருகிறது. குளிரிலும் வருகிறது. யாரும் மோட்டார் போட்டு இறைக்கவில்லை.

எரிமலை கிடையாது. அடுப்பும் கிடையாது. பிறகு எப்படிச் சூடாகிறது?

பாத் நகருக்குத் தெற்கே மெண்டிப் மலைகள் இருக்கின்றன. அங்கே பெய்யும் மழை சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகளில் இறங்குகிறது. இறங்கி இறங்கி, ஒன்றரை மைலுக்கும் அதிகமான ஆழத்துக்குப் போய்விடுகிறது. அவ்வளவு ஆழத்தில் பூமி சுடும். தண்ணீரும் சூடாகிறது. பிறகு பாறைப் பிளவு வழியாக மேலே ஏறி வருகிறது. இப்படிப் போய் வர ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகின்றன. பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு பெய்த மழை இது என்று கூடச் சொல்கிறார்கள்!

நான் அக்காளுக்கு இதைச் சொன்னேன். அவள் பெரிய குளத்தைத் திரும்பிப் பார்த்தாள். காலையிலிருந்து எங்களை நனைத்த மழை, அந்தப் பழைய மழையின் மேல் விழுந்து கொண்டிருந்தது.

"அப்படியானால் இன்றைக்குப் பெய்கிற மழையில் எப்போது குளிப்பார்கள்?" என்று கேட்டாள்.

"இன்னும் பத்தாயிரம் வருஷம் கழித்து" என்றேன்.

"அப்போதாவது தொட விடுவார்களா?"

மருமகன் சிரித்துவிட்டான். அவள் கோபம் தணிந்தது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

கையுறை திருடனுக்குச் சாபம்

இனி வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது.

கண்ணாடிப் பெட்டிக்குள் சின்னச் சின்ன ஈயத் தகடுகள். அவற்றில் கீறல் எழுத்து. இந்த ஊற்றிலிருந்து இப்படிச் சுமார் 130 தகடுகள் கிடைத்திருக்கின்றன. எல்லாம் அம்மனுக்கு எழுதிய மனுக்கள்! பொருளைப் பறிகொடுத்தவர்கள், திருடனைத் தண்டிக்கும்படி எழுதி, சுருட்டி, ஊற்றில் போட்டிருக்கிறார்கள்.

பெரிய திருட்டுகள் இல்லை. குளிக்க வந்த இடத்தில் மேலங்கி போயிற்று. குளியல் உடை போயிற்று. சில காசுகள் போயின. டாக்கிமீடிஸ் என்ற ஒருவனுக்கு இரண்டு கையுறைகள் போயின. எடுத்தவனுக்கு அறிவும் கண்ணும் போக வேண்டும் என்று அவன் கேட்டிருக்கிறான். இரண்டு கையுறைக்கு இரண்டு கண்! திருடனின் பெயர் தெரியாது அல்லவா? அதனால் ஆணோ பெண்ணோ, அடிமையோ சுதந்திரனோ, யாராக இருந்தாலும் விடாதே என்று முன்ஜாக்கிரதையாக எழுதியிருக்கிறார்கள். வக்கீல் தோற்றார்!

எழுதியவர்கள் அரசர்கள் அல்ல. சாதாரண மனிதர்கள். அரசர்களின் பெயர் கல்வெட்டில் இருக்கும். இவர்களின் குரல் இந்தத் தகட்டில்தான் இருக்கிறது.

அக்காள் ஒவ்வொரு பெட்டியாக நின்று பார்த்தாள். மருமகன் படித்துப் படித்துச் சொன்னான். நம் பக்கத்திலும் திருட்டுக் கொடுத்தவர்கள் கோவிலில் காசு வெட்டிப் போடுவது உண்டு. ஆறு வருஷத்துக்கு முன் பஸ்ஸில் அக்காளின் சங்கிலியை யாரோ அறுத்துவிட்டார்கள். அப்போது அவளும் காசு வெட்டிப் போட்டாள்.

"இவர்களுக்குப் பொருள் திரும்பக் கிடைத்ததா?" என்று கேட்டாள்.

"அம்மன் பதில் எழுதிப் போட்ட தகடு ஒன்றும் கிடைக்கவில்லை, அம்மா."

"எனக்கும் வரவில்லை" என்றாள் அக்காள்.

ரோமானியர்கள் 5ம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் பிரிட்டனை விட்டுப் போனார்கள். சேறு மூடியது. கூரை இடிந்து விழுந்தது. மேலே வீடுகள் முளைத்தன. ஊற்று மட்டும் நிற்கவே இல்லை. ஜனங்கள் வேறு குளம் கட்டிக் குளித்தார்கள். காலடியில் ரோமானியர் குளம் இருப்பது அவர்களுக்குத் தெரியாது! 1727ம் ஆண்டு தெருவில் சாக்கடை தோண்டியவர்களின் கையில், பொன் முலாம் பூசிய வெண்கலத் தலை ஒன்று அகப்பட்டது. அது மினர்வாவின் தலை. பெரிய குளம் வெளியே வந்ததோ 1880களில்தான்.

நோய் தீர்ந்ததா?

1738ம் ஆண்டு இந்த ஊரில் ஏழை நோயாளிகளுக்கென்றே ஆஸ்பத்திரி ஏற்படுத்தினார்கள். வெந்நீரில் உட்கார வைப்பதுதான் முக்கிய வைத்தியம். வெளியூர் நோயாளிகள் முன்பணம் கட்ட வேண்டும். குணமானால் ஊர் திரும்பும் செலவுக்கு. குணமாகாவிட்டால் அடக்கச் செலவுக்கு!

ஈயம் உடம்பில் ஏறிக் கை கால் விழுந்தவர்களும் அங்கே வந்தார்கள். பலர் நடந்து திரும்பினார்கள். 1980களில் டாக்டர்கள் சோதித்துப் பார்த்தார்கள். கழுத்தளவு தண்ணீரில் நெடுநேரம் உட்கார்ந்தால் சிறுநீரில் அதிக ஈயம் வெளியேறுகிறது என்று கண்டார்கள். ஆக, எல்லாம் வெறும் நம்பிக்கை அல்ல. மூட்டு வலிக்கும் வெந்நீர் இதம்தான். ஆனால் வலியை அடியோடு போக்கும் என்று எந்த டாக்டரும் சொல்வதில்லை.

2006ம் ஆண்டு புதிய குளியல் கட்டடம் திறந்திருக்கிறார்கள். அங்கே சுத்தம் செய்த ஊற்று நீரில் குளிக்கலாம். மருமகன் ஆவலோடு சொன்னான்: "அம்மா, அங்கே போவோமா?"

"சேலையோடு இறங்கலாமா?"

"நீச்சல் உடை போட வேண்டும்."

அக்காள் அவனைப் பார்த்த பார்வையில் அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

வெளியே வரும் வழியில் ஒரு குழாய். அதில் ஊற்று நீரைக் குடித்துப் பார்க்கலாம். பிறகு தனியாகத் துளை போட்டு எடுத்த நல்ல தண்ணீர். 43 தாதுக்கள் இருக்கின்றன என்கிறார்கள். நான் குடித்தேன். வெதுவெதுப்பான தண்ணீரில் பழைய சாவியைப் போட்டு வைத்த ருசி. அக்காள் முதலில் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு ஒரே மடக்கில் குடித்தாள். முகம் சுளிக்கவில்லை. மீதி இருந்த துளிகளை, யாரும் பார்க்காதபோது, முழங்காலில் தடவிக்கொண்டாள். நான் பார்த்துவிட்டேன்.

ஏணியில் ஏறும் தேவதைகள்

வாசலில் பெரிய தேவாலயம். அதன் முகப்பில் இரண்டு கல் ஏணிகள். தேவதைகள் ஏறிக்கொண்டும் இறங்கிக்கொண்டும் இருக்கின்றன. 500 ஆண்டுகளுக்கு முன் ஆலிவர் கிங் என்ற பிஷப் கண்ட கனவாம் இது. மழை நீர் அந்தத் தேவதைகளின் மேல் வழிந்து கொண்டிருந்தது.

இவ்வளவு அழகான ஊருக்கு அழகே எமனாக வந்தது. இரண்டாம் உலகப் போரில், 1942ம் ஆண்டு ஏப்ரல் கடைசியில், இரண்டு நாள் இரவுகளில் ஜெர்மன் விமானங்கள் குண்டு போட்டன. இங்கே பெரிய ராணுவத் தளம் இருந்ததற்காக அல்ல. ஜெர்மனியின் பழைய நகரமான லூபெக் மீது பிரிட்டிஷ் விமானங்கள் குண்டு போட்டதற்குப் பழி. பயண வழிகாட்டிப் புத்தகங்களில் புகழ் பெற்ற ஊர்களை அழிக்கப் பார்த்தார்கள். 400 பேருக்கு மேல் இறந்தார்கள். 1771ல் திறந்த நடன மாளிகை எரிந்து போனது. அதைப் பழையபடியே திரும்பக் கட்டி 1963ல் திறந்தார்கள்.

பிறை நிலா வடிவில் வளைந்து நிற்கும் 30 வீடுகளைக் காரிலிருந்தே பார்த்தோம். இறங்கி நடக்க அக்காளுக்கு முடியவில்லை. ஒரு கடையில் தேநீர் குடித்தோம். ஊர்ப் பெயர் பெற்ற பெரிய பன் ஒன்றை மூன்று பேரும் பங்கு போட்டுக்கொண்டோம்.

நாலரை மணிக்குத் திரும்பினோம். அப்போதும் மழை. வெள்ளைக் குதிரை கண்ணுக்குத் தெரியவில்லை. வியாழக்கிழமை எங்களுக்கு விமானம். அதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

நெடுந்தூரம் போன பிறகு மருமகன் கேட்டான்: "வலி எப்படி இருக்கிறது, அம்மா?"

"இவ்வளவு நேரம் காரில் உட்கார்ந்தால் வலிக்காதா?" என்றாள். சிறிது நேரம் கழித்து, "தண்ணீர் வாங்கிக் குடித்த அந்தக் கிண்ணம் பையில் இருக்கிறது. பொங்கலுக்கு வரும்போது ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு வா" என்றாள்.

"கொண்டு வருகிறேன்" என்றான் அவன். இந்தத் தடவை 'அடுத்த வருஷம்' என்று சொல்லவில்லை.